அஞ்சு கறவை கேட்டாள்

நாலு வருடத்துக்கு முந்தைய கார்த்திகை மாதம் அது. நானும் என் மனைவியும் மீனாட்சிபுரத்திலிருந்து மலைக்குக் கிளம்பினோம். மூணாறிலிருந்து போடிமெட்டுக்குப் போகிற வழியில், அணைத்தண்ணீரை ஒட்டி இருக்கும் ஒரு சின்ன ஊருக்கு.

இதில் எழுத என்ன இருக்கிறது என்று தோன்றலாம். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் பிரசவத்துக்கும் சாவுக்கும் தவிர நாங்கள் வெளியே ராத்தங்கியதில்லை. எங்களுக்கு இரண்டு பால்மாடுகள். காலையில் ஐந்து மணிக்கு ஒரு கறவை, பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு கறவை. எங்கே போவதானாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் போய் வந்துவிட வேண்டும். கல்யாண வீடுகளில் எங்களைப் பார்த்ததுமே, "பால்காரவிகளுக்கு மொதல்ல எலையப் போடுங்கப்பா, மாடு காத்துட்டிருக்கும்" என்பார்கள். கேலிதான், ஆனால் இலை விழுந்துவிடும்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள்தான் அந்த ஊரில் அறை பிடித்துக் கொடுத்தாள். எத்தனை நாளைக்கு என்று போனில் கேட்டாள். நான் ஒரு ராத்திரி போதும் என்றேன். அதாவது மூன்று கறவை தவறும். பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மனைவி, தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"அஞ்சு கறவைக்கு போட்டுக்கலாமுங்க. அதுக்கு மேல நான் கேக்கலை."

அஞ்சு கறவை என்றால் இரண்டு ராத்திரி. அவள் எதையும் கேட்டுப் பழகியவள் இல்லை. சரி என்றேன்.

பக்கத்து வீட்டுப் பெண் கறக்க ஒத்துக்கொண்டாள். ஆனால் மாடு ஒத்துக்கொள்ள வேண்டுமே. கறுப்பி என் மனைவியின் கைக்குப் பழகியது, செவலை என் கைக்கு. அதனால் எங்கள் பக்கம் செய்கிற மாதிரி, ஒரு வாரம் முன்பிருந்தே அந்தப் பெண் கறுப்பியிடம் போகும்போது என் மனைவியின் பழைய சேலையைச் சுற்றிக்கொண்டாள். செவலையிடம் போகும்போது துவைக்காத என் லுங்கியைத் தோளில் போட்டுக்கொண்டாள். வாசனை பழகினால் மாடு காலைத் தூக்காது. கறுப்பி சீக்கிரம் படிந்துவிட்டது. செவலை மட்டும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டது. எனக்கு அதில் உள்ளூரப் பெருமை. சொசைட்டியில் பால் ஊற்றப் போன இடத்தில், "நான் செத்தா அதுவும் செத்துரும்" என்று ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

விடிகாலை கறந்துவிட்டுப் புறப்பட்டோம். உடுமலை, மறையூர், மூணாறு என்று பஸ் மாறி, கடைசியில் ஒரு ஜீப்பில் தொங்கிக்கொண்டு போய் இறங்கியபோது மணி இரண்டு இருக்கும். ஊர் என்று ஒன்றுமே தெரியவில்லை. எல்லாம் வெள்ளை. மூடுபனியை அங்கே மஞ்சு என்கிறார்கள். பத்தடிக்கு அப்பால் மலையா, தண்ணீரா, தேயிலையா, எதுவும் தெரியவில்லை.

தங்கிய வீட்டுக்கார அம்மா முன்பு எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். இப்போது இரண்டு அறையை வாடகைக்கு விடுகிறார். சூடாகப் பால் விடாத கட்டன் சாயா கொடுத்துவிட்டு என் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தவர், அப்படியே அக்கா தங்கையாகிவிட்டார்.

"எத்தன நாளு இருப்பீக?"

"ரெண்டு நாளுங்க."

"அப்பப் பாத்துருவீக. ஒரு நா வந்துட்டுப் போறவுக மஞ்சத்தான் பாத்துட்டுப் போறாக. கீழ தண்ணி அப்படியே மலைக்குள்ள வெரலு விட்ட மாதிரி போகும் அக்கா. வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் இருந்தாரு. அவரு நாட்டுல கடலே இப்படித்தான் மலைக்குள்ள வருமாம், கரையில ஊரெல்லாம் இருக்குமாம். பதினோரு நா இருந்துட்டுப் போனாரு. மஞ்சு வெலகுனா எதுத்த கரையில ஆனை எறங்கும். குட்டியோட வரும்."

பிறகு என் மனைவி என்னிடம் வந்து, "கடலே மலைக்குள்ள வருதாமுங்க" என்றாள். ஏதோ தன் சொந்தக்காரர் வீட்டுச் செய்தி போல.

சாயங்காலம் நான் சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறி ஊருக்குப் போன் போட்டேன். பக்கத்து வீட்டுப் பெண் உற்சாகமாக இருந்தாள்.

"ரெண்டும் அம்சமா கறந்துச்சுங்ணா. செவலை காலே அசைக்கல. நீங்க கறக்கறத விட அரை லிட்டரு சேத்தியே குடுத்துச்சுங்ணா. இனி உங்களத் தேடாது, நிம்மதியா இருங்க."

அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். நான் போனை வைத்துவிட்டு அந்த வெள்ளைக்குள் கொஞ்ச நேரம் நின்றேன். என்ன நினைத்தேன் என்று இப்போதும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இறங்கி வந்து மனைவியிடம் சொன்னது மட்டும் தெளிவாக ஞாபகம் இருக்கிறது.

"செவலை பாலையே எறக்கலியாம் புள்ள. காலை வீசுதாம். மடி கட்டிட்டு நிக்குதாம்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. பால் மடியில் நின்றால் வீங்கும், வீங்கினால் நோய் வரும், ஒரு காம்பே போய்விடும். இதெல்லாம் என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"பாவம், வாயில்லாத சீவன். காலையில கெளம்பீரலாமுங்க" என்றாள்.

வேண்டாம், இருந்துவிட்டுப் போகலாம் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவள் பையை மடித்துக் கட்டிவிட்டாள்.

மறுநாள் காலையிலும் மஞ்சு விலகவில்லை. வீட்டுக்கார அம்மா, மத்தியானம் வரைக்குமாவது இருந்து பாருங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். என் மனைவி சிரித்துக்கொண்டே தன் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினாள். வளைவு திரும்பும் வரைக்கும் தண்ணீர் இருக்க வேண்டிய பக்கத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீடு வந்து சேர ஐந்து மணி தாண்டிவிட்டது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகக் கொட்டகைக்குள் போனாள். செவலை அசைபோட்டுக்கொண்டு நின்றது. குனிந்து அதன் மடியில் கை வைத்தாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கறந்து முடித்த மடி எப்படி இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. துணிப்பை மாதிரி மெத்தென்று இருந்திருக்கும். நாலு காம்பையும் தொட்டுப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "அக்கா, அதுக்குள்ளயும் வந்துட்டீங்களா? ஒரு சொட்டுப் பாக்கியில்லாம கறந்துட்டேனுங்."

என் மனைவி நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய் டீ வைத்தாள். சர்க்கரை எப்போதும் போலத்தான் இருந்தது.

அடுத்த நாள் காலை அவளுடைய போனுக்கு ஒரு வீடியோ வந்தது. மஞ்சு விலகியிருந்தது. பச்சை மலைகளுக்கு நடுவே தண்ணீர் வளைந்து வளைந்து உள்ளே போனது. எதிர்க்கரையில் ஐந்து யானைகள், அதில் ஒன்று குட்டி. அவள் இரண்டு தடவை பார்த்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள்.

"பாருங்க, யானை."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்குத் தேவலை.

ஒப்புக்கொள்ள எனக்கு எட்டு நாள் ஆயிற்று. தவிட்டு மூட்டையை இறக்கி வைத்தபடி, அவள் முகத்தைப் பார்க்காமல், நான் இல்லாமல் செவலை கறந்ததைத் தாங்க முடியவில்லை என்று சொன்னேன். அவள் மூட்டையைச் சுவரோரமாகத் தள்ளி வைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"மாட்டுக்கிட்டக் கோவிச்சுக்கிட்டு என்னையக் கூட்டிட்டு வந்தீங்களாக்கும்?"

அந்தச் சிரிப்பில் மன்னிப்பு இருந்ததா என்று நான் கேட்கவில்லை.

தை பிறந்து பொங்கல் கழிந்ததும், அதே ஊருக்கு அவளைப் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு அனுப்பி வைத்தேன். இரண்டு மாடும் என் பொறுப்பு. செவலை ஒன்றும் சொல்லவில்லை. கறுப்பியிடம் என் மனைவியின் சேலையைச் சுற்றிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். அது என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு ஓர் உதை விட்டது. வாளி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். பாதிப் பாலோடு சொசைட்டிக்குப் போனபோதும் இடுப்பில் சுற்றிய சேலையை அவிழ்க்க மறந்திருந்தேன். "ஊட்டுக்காரம்மா வந்திருக்காங்க, வழி உடுங்கப்பா" என்று ஒருவர் சொல்ல, வரிசையே சிரித்தது.

அன்று சாயங்காலம் அவள் போன் செய்தாள். "கறுப்பி கறக்குதுங்களா?"

போன தடவை எதைப் பொய்யாகச் சொன்னேனோ, இந்த முறை அதுவே உண்மையாக இருந்தது. சொன்னால் கிளம்பி வந்துவிடுவாள். ஆனாலும் இன்னொரு பொய் வாயில் வரவில்லை.

"காலை வீசுது புள்ள. பாதிதான் எறக்குச்சு. மீதிய இப்ப மறுக்கா ஒக்காந்து கறந்துட்டேன். நான் பாத்துக்கறேன், நீ இரு."

அவள் கேட்டாள், "எத்தனை கறவை இருக்கட்டுங்க?"

"எண்ணாத புள்ள" என்றேன்.

ஐந்தாம் நாள் வந்தாள். யானை வந்ததா என்று கேட்டேன். வரவில்லையாம். "சும்மா தண்ணியப் பாத்துட்டு உக்காந்திருந்தேனுங்க. யாரும் கூப்பிடலை. நல்லா இருந்துச்சு" என்றாள்.

இப்போது வருடத்துக்கு ஒருமுறை அவள் போகிறாள். அவள் இல்லாத நாட்களில் அந்தச் சேலையைச் சுற்றிக்கொண்டு கறுப்பியின் பக்கத்தில் உட்காரும்போதெல்லாம், அரை லிட்டர் பால் கூடுதலாக வந்ததற்காக நான் அவளிடமிருந்து எடுத்துக்கொண்ட அந்த ஒரு நாள்தான் நினைவுக்கு வருகிறது. எத்தனை முறை அனுப்பி வைத்தாலும், அந்த நாளை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டதாக எனக்கு இன்னும் தோன்றவில்லை.