தாய்மாமன் மடி

என் மகளுக்குக் காது குத்திய நாளை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

என் அண்ணன் மனநலச் சிகிச்சையில் இருந்தார். இரவில் ஒரு மாத்திரை, அவ்வளவுதான். அதை ஒருநாளும் விடாமல் சாப்பிட்டு, காளவாசலில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு இரண்டு வருடமாக ஒழுங்காக வேலைக்குப் போய்வந்தார். மருமகளுக்குத் தோடு அவரே வாங்கினார். அவளை மடியில் வைத்து உட்காரப்போவதைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார்.

என் கணவருக்கோ பயம். "கூட்டத்துல மச்சான் சத்தம்கித்தம் போட்டு வைக்காம பாத்துக்கச் சொல்லு" என்றார். இரண்டு வருடமாகச் சத்தம் போடாத மனிதரைப் பற்றிய பேச்சு இது! நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். நானோ அதை அப்படியே அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

அம்மா யோசிக்கவே இல்லை. "காலையில ரெண்டு குடுத்துருவோம். சாதுவா இருப்பான்."

தலைவலித் தைலமா அது, வேண்டுமட்டும் அள்ளிப் பூச? டாக்டருக்கு ஒரு போன் போடக்கூட யாருக்கும் தோன்றவில்லை. விசேஷத்தன்று காலையில், "டாக்டரு கூட்டியிருக்காருப்பா" என்று அம்மா பொய் சொல்லி இரண்டு மாத்திரையை நீட்டினாள். அண்ணன் நம்பி விழுங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தேன்.

ஆனையூர் மண்டபத்தில் ஆசாரி ஊசியை எடுத்தபோது, பட்டு வேட்டியில் சம்மணமிட்டிருந்த அண்ணனின் தலை தொங்கியது. வாயோரம் எச்சில் வழிந்தது. மடியிலிருந்து சரிந்த குழந்தை வீறிட்டாள்.

"நல்ல மாமன்தான்! காலையிலேயே ஏத்திட்டு வந்துட்டாரு" என்று யாரோ சிரித்தார்கள். குடித்தே அறியாத மனிதர் அவர். இரண்டு பேர் தூக்கிப் போய்ப் பின்னறையில் கிடத்தினார்கள். சித்தப்பா மகனை மணையில் உட்கார்த்தி, அவன் மடியில் வைத்துக் காது குத்தி முடித்தார்கள்.

"நல்லவேளை, சத்தமில்லாம முடிஞ்சிருச்சு" என்றார் கணவர். அவரை ஓங்கி அறைய வேண்டும்போல் இருந்தது. என்னையும்தான்.

சாயங்காலம் அண்ணன் கண் விழித்தார். நாக்குக் குழறியது.

"பாப்பாவுக்குக் குத்தியாச்சா? யாரு மடியில?"

சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"நான் ஏதும் கலாட்டா பண்ணிட்டேனா, தாயி? மாத்திரையெல்லாம் ஒழுங்காத்தானே சாப்பிட்டேன்?"