ஒரே கட்டில் அறுபத்தோரு ஏடு

இலஞ்சியில் ஓர் அறக்கட்டளை நடத்தும் பழைய நூலகத்தில் கூட்டிப் பெருக்க வந்தபோது பெர்சிஸுக்கு இருபத்தொன்பது வயது. கிழிந்த புத்தகங்களைப் பிரித்துப் பார்த்தே தைக்கக் கற்றுக்கொண்டாள். இப்போது இருபத்திரண்டு வருடம் ஆகிறது. சாவியும் இருப்புப் பதிவேடும் அவள் பொறுப்பில் இருக்கின்றன.

சாரல் காலத்தில் அவள் வெளியூர் போவதில்லை. மூன்று நாள் கவனிக்காவிட்டால் பூஞ்சை படர்ந்துவிடும். மூலிகை இலைகள் ஒட்டிய ஆல்பங்கள், நாடக நோட்டீசுகள், ஒரு பண்ணையார் நாற்பது ஆண்டு எழுதிய மழையளவு நோட்டுகள், இசைத்தட்டுகளின் காகித உறைகள் எல்லாவற்றுக்கும் காற்றுக் காட்ட வேண்டும். தம்பி கல்யாணத்துக்கே காலையில் போய் மத்தியானம் திரும்பியவள் அவள்.

இந்த ஆடியில் மகள் ஜெயசித்ராவுக்குக் கோயம்புத்தூரில் பிரசவம். முதல் பிள்ளை தங்கவில்லை. "நீ பக்கத்துல இல்லாம நான் ஆஸ்பத்திரிக்குப் போமாட்டேன்" என்று சொல்லியிருந்தாள். பெர்சிஸ் வேலையிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்தாள். அவள் இடத்துக்குப் புதிதாக வந்த ஜெபசிங் எல்லாவற்றையும் பதிவேட்டோடு சரிபார்த்துக் கையெழுத்திட்டால் போகலாம் என்றார் செயலாளர் சங்கரநாராயணன்.

ஜெபசிங் ஒன்பது நாள் பார்த்தான்.

"அக்கா, பதிவேட்டுல வைத்திய ஓலை ஏடு ரெண்டு கட்டுன்னு இருக்கு. முப்பத்தேழு ஒண்ணு, இருபத்திநாலு ஒண்ணு. இங்கன ஒரு கட்டுதான் இருக்கு."

"நாந்தான் தம்பி சேத்துக் கட்டுனேன். ஒரே நூலுதான் அது. எண்ணிப் பாருங்க, அறுபத்தொண்ணு."

"எண்ணிட்டேன். ஆனா ஒரு கட்டு குறையுதே! நாளைக்கு என் தலையிலல்லா விடியும்?"

இருவரும் செயலாளரிடம் போனார்கள்.

"பதிவேட்டத் திருத்தணும்னா கமிட்டி கூடணும். சீசன்ல எவன் வாரான்? பாதிப் பேருக்கு அருவிக்கரையில கடை, மீதிப் பேருக்கு லாட்ஜு. ஆவணி கடைசியில பாப்போம்" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "பேசாம அவுத்து ரெண்டாக் கட்டிரு தாயி. யாரு படிக்கப்போறா?"

பெர்சிஸ் கயிற்றை உருவி முப்பத்தேழு ஏட்டைத் தனியே வைத்தாள். அதன் கடைசி வரி சேராங்கொட்டையைச் சேர்க்கச் சொல்லி நின்றது. அதன் நஞ்சை முறிக்கும் முறை அடுத்த ஏட்டில் இருந்தது. இரண்டு கட்டாக இருந்த காலத்தில் ஒருவர் முதல் கட்டை மட்டும் பார்த்து எழுதிக்கொண்டு புறப்பட்டார். அவரை வாசலில் ஓடிப்போய் நிறுத்திய அன்றுதான் அவள் இரண்டையும் சேர்த்துக் கட்டினாள்.

"சீட்டு எழுதி வச்சிருவோம்க்கா" என்றான் ஜெபசிங்.

"இந்த ஈரத்துல சீட்டு எத்தன நாளைக்கு நிக்கும்?"

மறுபடியும் ஒன்றாகக் கோத்தாள். ஜெபசிங் சாவியை வாங்கவில்லை.

அன்றைக்கே மகளைக் கூப்பிட்டாள். "ஏட்டி, உங்க மாமியார வரச்சொல்லிரு."

"அந்த ஓலையே ஒனக்குப் பேரன் பெத்துத் தரட்டும்."

போன் துண்டிக்கப்பட்டது.

ஆடி கடைசி வாரம் மருமகன் தேவா படம் அனுப்பினான். பெண் குழந்தை. மகள் பேசவில்லை. பெர்சிஸ் படத்தைப் பெரிதாக்கப் பார்த்தாள். விரலில் ஏட்டுக்குத் தடவிய புல்தைலம் இருந்ததால் திரை வழுக்கிக்கொண்டே இருந்தது. கமிட்டி கூட இன்னும் ஐந்து வாரம் இருந்தது.