விற்கிற வண்டியா, வைத்துக்கொள்கிற வண்டியா

எங்கள் காரில் ஆயில் கசிவதை முதலில் கண்டுபிடித்தது என் கணவரின் மூக்குதான். டயாலிசிஸ் ஆரம்பித்ததிலிருந்து அவருக்கு எந்த வாசனையும் ஆவதில்லை. தாளிக்கிற வாசனை, ஊதுவத்தி, நான் தலையில் வைக்கிற பூ, எல்லாமே குமட்டும். அதனால் "வண்டியில தீஞ்ச நாத்தம் வருது" என்று அவர் சொன்னபோது நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு நாள் விழுப்புரம் போகிற வழியில் கண்ணாடியை இறக்கி வாந்தி எடுத்தார். அப்புறம்தான் பானெட்டைத் திறந்து பார்த்தேன். இன்ஜினின் மேல்பக்கம் முழுக்க எண்ணெய் வழிந்து, தூசி அப்பி, கறுப்பாக இருந்தது. அது சூடான புகைக்குழாய் மேல் சொட்டித் தீய்ந்து, அந்தப் புகை உள்ளே வந்துகொண்டிருந்தது.

எங்கள் வீடு கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில். வாரத்தில் மூன்று நாள் விழுப்புரத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வண்டியை ஓட்டுகிறவள் நான். அவருக்கு உடம்புக்கு முடியாமல் போன பிறகு, நாற்பத்தாறு வயதில், திண்டிவனத்தில் காலேஜ் பையன்களோடு சேர்ந்து டிரைவிங் கற்றுக்கொண்டேன். அவர் இடதுபக்கம் உட்கார்ந்துகொண்டு இல்லாத பிரேக்கை மிதிப்பார். "கிளச்ச தேய்க்காத, லாரிக்கு வழி உடு" என்று விழுப்புரம் வரும்வரை பாட்டு நிற்காது. "இங்க வந்து நீங்களே ஓட்டுங்களேன்" என்பேன். கொஞ்ச தூரம் வாயை மூடிக்கொண்டு வருவார்.

என் கவலை அவர் பேச்சைப் பற்றியதில்லை. மெஷினில் நான்கு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். அவர் நேரம் முடிவதற்கு முன்பே நர்ஸைக் கூப்பிட்டு, "போதும்மா, எடுத்துடு" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். முதலில் அரை மணி, பிறகு ஒரு மணி. நிலத்தில் மல்லாட்டைக் கடலை பிடுங்க ஆள் வந்திருக்கிறது என்பார், வயிற்றைப் புரட்டுகிறது என்பார். குறைத்துக்கொண்டே போனால் தண்ணீர் தங்கி இருதயத்தைப் பிடிக்கும் என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொன்னார். இவர் தலையை ஆட்டிவிட்டு வந்து, அடுத்த முறை போகவே மாட்டேன் என்றார். காரணம் கேட்டால் வண்டி நாற்றம். எனக்குப் பயமாக இருந்தது. பயத்தைக் கோபமாகத்தான் எனக்குக் காட்டத் தெரியும். நாற்றத்தை நிறுத்திவிட்டால் சாக்கு ஒன்று குறையும் என்று, மறுநாளே வண்டியைத் திண்டிவனத்தில் ஒரு மெக்கானிக் ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். அவரும் கூட வந்தார். என்னை நம்பி வண்டியை விடுவாரா?

மெக்கானிக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. போன் வந்துகொண்டே இருந்தது, அவனும் எடுத்துச் சிரித்துக்கொண்டே இருந்தான். அதற்கு நடுவில் இன்ஜின் மேல்மூடியைக் கழற்றினான். மூடிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருந்த பேக்கிங் காய்ந்து விறைத்துப்போய், அவன் விரல் பட்டதும் துண்டு துண்டாக உடைந்தது. இரண்டு இரும்பை எவ்வளவு சமமாக இழைத்தாலும் ஒன்றோடொன்று முழுதாகப் பொருந்தாது, நடுவில் விட்டுக்கொடுக்கிற ஏதோ ஒன்று இருந்தால்தான் எண்ணெய் நிற்கும். கல்யாணம் ஆனவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

"ரெண்டு தினுசு இருக்குதுணா" என்றான் அவரிடம். "தக்கை பேக்கிங்கு இங்கியே கெடைக்கும். பேஸ்ட்டு தடவிப் போட்டுட்டா ஒரு ஆறு மாசம் தாங்கும். ரப்பரு போட்டா வருசக்கணக்குல வரும். ஆனா இந்த மாடலுக்கு விழுப்புரம் போனாத்தான் கெடைக்கும். நீங்க சொல்லுங்க. விக்கிற வண்டியா, வச்சிக்கிற வண்டியா?"

அவர் யோசிக்கவே இல்லை. "ஆறு மாசம் ஓடுனா போதும்பா."

மெக்கானிக் தலையாட்டிவிட்டு மறுபடியும் போனை எடுத்தான். அவனுக்கு அது ஒரு சாதாரண பதில். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. வண்டியைப் பற்றித்தான் சொன்னார் என்று நினைக்கப் பார்த்தேன், முடியவில்லை. இந்த வண்டியை வாங்கிய நாளிலிருந்து ஒரு வாஷரைக்கூட மட்டமாகப் போட விடாத மனுஷன் அவர். உடைந்த பேக்கிங் துண்டுகளை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு, "தம்பி, நான் வர்ற வரைக்கும் எதையும் மாட்டாத" என்று சொல்லிவிட்டு விழுப்புரம் பஸ் ஏறினேன்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம். ஆறு மாதம் என்று எப்போது முடிவு செய்தார்? என்னிடம் சொல்லாமல் இவராகக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறாரே, அதில் நான் எங்கே இருக்கிறேன்? இடதுபக்கம் உட்கார்ந்து அவர் பிரேக் மிதிப்பதை எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். அந்த ஸீட் காலியாக இருந்தால் நான் எப்படி ஓட்டுவேன் என்று அன்றைக்குத்தான் நினைத்துப் பார்த்தேன்.

விழுப்புரத்துக் கடையில் துண்டுகளை மேஜைமேல் பரப்பி, போல்ட் துளைகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தேன். கடைக்காரர் எடுத்துக் கொடுத்த முதல் ரப்பரை லேசாக வளைத்தேன். வளைந்த இடத்தில் வெள்ளையாகக் கோடு விழுந்தது. "இது ரொம்ப நாளா கெடந்ததுங்க. வேற குடுங்க" என்றேன். புதுசுதான் என்றார். நானும் விடவில்லை. முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய் இன்னொன்று கொண்டுவந்தார். அது இதமாக வளைந்து, விட்டதும் பழையபடி நிமிர்ந்தது. அதை வாங்கிக்கொண்டேன்.

ஷெட்டுக்குத் திரும்பியபோது அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கால் வீங்கியிருந்தது. பையைப் பார்த்ததும், "இன்னாத்துக்கு இவ்ளோ தூரம் அலஞ்சிக்கினு? நான்தான் சொன்னனே, ஆறு மாசம் போதும்னு" என்றார்.

மெக்கானிக் பக்கத்தில்தான் நின்றான். அதை நான் பொருட்படுத்தவில்லை. "ஒங்களுக்குப் போதும். எனக்குப் போதாது. ஆறு மாசத்துக்கு அப்பறம் நான் யார ஒக்கார வச்சிக்கினு எங்க ஓட்டிக்கினு போறது? அதையும் நீங்களே சொல்லிடுங்க" என்றேன். மெக்கானிக் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனான். அது அடிக்கவே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அவர் ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து, ஒரு துணியை எடுத்து, மூடியின் ஓரத்தில் ஒட்டியிருந்த பழைய பேக்கிங்கைத் துடைக்க ஆரம்பித்தார். ஊசி குத்துகிற இடது கையை உடம்போடு சேர்த்து வைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும். மெக்கானிக் திரும்பி வந்து பிளேடை எடுத்தபோது, "சொரண்டாதபா, கீறல் உழுந்தா அது வழியா கசியும். பெட்ரோல்ல ஊற வச்சித் தொட" என்றார். புது ரப்பரை மாட்டும்போது போல்ட்டை ஒரேயடியாக முறுக்க விடவில்லை. எதிரும் புதிருமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கச் சொன்னார். அதிகம் இறுக்கினால் ரப்பர் பிதுங்கி இன்னும் மோசமாக ஒழுகுமாம். நான் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் சண்டை முடிந்ததா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை.

வண்டியை ஸ்டார்ட் செய்து ஓட விட்டோம். மேலே ஒரு சொட்டு இல்லை. மெக்கானிக் கீழே படுத்து டார்ச் அடித்தவன், அங்கிருந்தே பேசினான். "அண்ணா, அடியிலயும் ஒண்ணு கீது. இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவுல இருக்கற சீலு கசியுது. அதுக்கு கியர் பாக்ஸயே எறக்கணும். வண்டி ரெண்டு நாள் இங்க நிக்கணும். இல்லன்னா ஆயில் ஊத்தி ஊத்தி ஓட்டிக்கலாம். அதுவும் ஒரு ஆறு மாசம் ஓடும்."

நான் சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. மறுநாள் ஆஸ்பத்திரி நாள். வண்டி இல்லாவிட்டால் பஸ்ஸில்தான் போக வேண்டும். அவருக்குப் பஸ் என்றாலே பேஜாரு. ஏறினால் தெரிந்தவர்கள் யாராவது உடம்பைப் பற்றிக் கேட்பார்கள், கையைப் பிடித்துப் பார்ப்பார்கள் என்று அதுவரை ஒரு நாளும் பஸ்ஸில் வந்ததில்லை. 'வண்டி இல்லை, நாளைக்கு வேண்டாம்' என்று சொல்ல அவருக்கு அருமையான சாக்கு கிடைத்திருந்தது.

அவர் என்னைப் பார்க்காமல் மெக்கானிக்கிடம் சொன்னார். "எறக்கிடு தம்பி. சீலு நல்லதாப் பாத்துப் போடு. நாங்க பஸ்ல போய்க்கிறோம்."

மறுநாள் கூட்டேரிப்பட்டில் பஸ் ஏறினோம். பயந்த மாதிரியே பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் மாட்டிக்கொண்டார். "உடம்பு எப்பிடி கீது?" என்று கேட்டார். இவர் உடம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கியர் பாக்ஸ் இறக்கியிருக்கிற கதையை எடுத்துக்கொண்டு விழுப்புரம் வரும்வரை விடவில்லை. பாவம், அந்த மனுஷன் இறங்கும்போது களைத்துப்போயிருந்தார்.

ஆஸ்பத்திரியில் மெஷினில் படுத்தார். நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். மூன்று மணி நேரம் ஆனதும் நர்ஸ் வழக்கம்போல வந்து நின்றாள். அவர் கேட்பதற்கு முன்பே ஊசியை எடுக்கத் தயாராகக் கையில் பஞ்சு வைத்திருந்தாள். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தேன்.

"இருக்கட்டும்மா" என்றார். "முழுசா ஓடட்டும்."

நர்ஸ் என்னைப் பார்த்தாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "வண்டிதான் இல்லயே. ஜல்தியா கெளம்பிப் போயி பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்துக்கினு இருக்கணுமா?" என்றார்.

கூட்டேரிப்பட்டு வழியாகப் போகிற பஸ் விழுப்புரத்தில் நிமிஷத்துக்கு ஒன்று கிடைக்கும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் சொன்ன காரணத்தை நான் நம்பவில்லை. நம்பாமல் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அந்தக் கடைசி ஒரு மணி நேரம்போல நான் வேறெப்போதும் சந்தோஷமாக இருந்ததில்லை.