அக்கா விட்டுக்கொடுக்காத கட்டில்

எங்கள் அக்கா கண்மூடி ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி இனிமையானவற்றை மட்டும் எழுதும்படி உறவினர் சிலர் கேட்டுக்கொண்டார்கள். அக்காவுக்குப் பொய் பிடிக்காது. ஆகவே நடந்ததையே எழுதுகிறேன்.

அக்கா கடலோர ஊரான இலங்கைத்துறையில், மீன்பிடிக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அம்மா காலமானபின் எங்களை வளர்த்தவர் அவரே. கடலுக்குப் போன அத்தான் திரும்பி வரவில்லை. கைக்குழந்தையான மகளை வைத்துக்கொண்டு, கருவாடு விற்று எல்லோரையும் ஆளாக்கினார். அவர் யாரையும் கடிந்து பேசி நான் கேட்டதில்லை, ஒரு நாளைத் தவிர.

அது யுத்த காலம். சோதனைச்சாவடிகளைத் தாண்டி மருந்து வருவது அரிது. எங்கள் பக்கத்து டிஸ்பென்சரியில் டொக்டர் இல்லை. வயதான உதவி வைத்தியர், அப்போதிக்கரி ஐயா ஒருவர்தான் வைத்தியம் பார்த்தார். நோயாளிகள் சீமெந்துத் தரையில் பாய் போட்டுக் கிடந்தார்கள். அக்காவின் மகளும் மலேரியாவோடு அங்கே கிடந்தாள். மருந்து முடிந்துவிட்டதென்று ஐயா கைவிரித்தார்.

அன்றைக்குத்தான் அரசாங்கப் பெரியவர்கள் டிஸ்பென்சரியைப் பார்வையிட வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் வந்த லொறியிலிருந்து கட்டில்களும் வெள்ளை விரிப்புகளும் மருந்து நிறைந்த கண்ணாடி அலுமாரியும் இறங்கின. பிள்ளையைத் தூக்கிக் கட்டிலில் கிடத்திப் படம் எடுத்தார்கள். இந்த நாட்டில் கடைசிக் கிராமத்துக்கும் வைத்தியம் இலவசம் என்று ஒருவர் பேசினார். நாங்கள் கைதட்டினோம்.

அவர்களின் வாகனங்கள் போனதும், எல்லாவற்றையும் திரும்ப லொறியில் ஏற்றத் தொடங்கினார்கள்.

“பிள்ளையைத் தூக்குங்கோ அம்மா, கட்டிலை ஏத்த வேணும்” என்றார் பொறுப்பாக நின்ற அலுவலர்.

“எங்க கொண்டு போறீங்கள்?” என்று அக்கா கேட்டார்.

“அடுத்த ஊருக்கு. நாளைக்கு அங்கையும் வருகினம்.”

அக்கா கட்டிலில் ஏறி, மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். “ஏலாது. காய்ச்சல்ல கிடக்கிற பிள்ளையை இறக்கிப்போட்டு விரிப்பை உருவுறீங்கள், நீங்கள் மனிசரோ? ஏத்திறதெண்டால் எங்களையும் சேர்த்து ஏத்துங்கோ!”

“அந்த மருந்தில கொஞ்சமாவது வைச்சிட்டுப் போங்கோ” என்று ஐயா கெஞ்சினார்.

“எனக்கு அதுக்கு அதிகாரமில்லை ஐயா.”

சனம் கூடியது. அலுவலர் கட்டிலை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் கொண்டுபோனார். அலுமாரியும் போயிற்று. மறுநாள் பிள்ளை அந்தக் கட்டிலிலேயே இறந்தாள்.

செத்த வீட்டுக்கு வந்த ஒருவர், “உங்களாலதான் ஊருக்கு ஒரு கட்டிலாவது கிடைச்சது” என்றார். அக்கா அவரை வெறித்துப் பார்த்தார்.

“கட்டிலைப் பிடிச்சுக்கொண்டு இருந்திட்டன். அலுமாரியையெல்லோ பிடிச்சிருக்க வேணும்.”

அதன்பின் ஊரில் யாருக்கு நோய் வருத்தமென்றாலும் துணைக்குப் போனவர் அக்காதான். பிரசவ வலியில் துடித்தவர்களோடு வள்ளத்திலும் உழவு இயந்திரப் பெட்டியிலும் மூதூர் வரை போவார். ஆனால் மேடை போட்ட பக்கம் தலைகாட்டமாட்டார். நீரிழிவால் கால் புண்ணாகி, கடைசி மாதங்களைத் திருகோணமலை ஆஸ்பத்திரியில் கழித்தார்.

அங்கே முகம் சுளிக்காமல் புண் கழுவிய தாதிமாருக்கும், கிண்ணியாவிலிருந்து சாப்பாடு கொண்டுவந்த முஸ்லிம் சகோதரிக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த ஊரவர்க்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது.

இம்மலரில் போடும்படி ஒரு பெரிய மனிதர் தமது படத்துடன் அனுதாபச் செய்தி அனுப்பியிருந்தார். நாங்கள் போடவில்லை.

தங்கை