லிஃப்ட்காரர் அணைத்த பெட்டி

லிஃப்ட்காரர் என்றால்தான் அந்தக் குடியிருப்பில் அவரைத் தெரியும். வாழ்நாளெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்தவர், ஓய்வு பெற்ற பிறகு குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தார். பார்க்கச் சகிக்காமல் வெளியூரிலிருந்து வந்த மருமகன் ஒரு சின்னக் கணினிப் பெட்டியை பீரோவுக்குப் பக்கத்தில் வைத்து, இணையத்தில் இணைத்துவிட்டுப் போனார்.

இப்படி ஊர் ஊராகப் பல வீட்டுப் பெட்டிகள் ஒன்று சேர்ந்து, முன்பின் தெரியாதவர்களின் படங்களையும் கோப்புகளையும் பத்திரமாக வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. ஒவ்வொரு கோப்பையும் துண்டு துண்டாக்கி, பூட்டித்தான் பெட்டிகளுக்கு அனுப்புவார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று வைத்திருப்பவருக்கே தெரியாது. அதனால் என்ன, லிஃப்ட்காரர் அதைக் கைக்குழந்தை போலக் கவனித்தார். தமக்குக் காற்று வராவிட்டாலும் மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தார். யாரோ ஒருவரின் கல்யாணப் படம் தம்மை நம்பி இருக்கிறது என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக் காது புளிக்க வைத்தார். மனிதர் கொஞ்சம் அலட்டல்தான். ஆனால் அதில் துளிக் கள்ளம் கிடையாது.

அப்போதுதான் மகளுக்கு முதுகில் அறுவைச் சிகிச்சை என்று முடிவானது. மருமகன் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், பேத்தியைப் பார்த்துக்கொள்ள அப்பா வர முடியுமா என்று மகள் கேட்டாள். பார்க்கலாம் என்று சொல்லி ஃபோனை வைத்தவர், பெட்டியைப் பார்த்தபடி நின்றார். ஆளில்லாத இடத்தில் எதையும் ஓட விட்டுப் போகக் கூடாது என்பது அவர் தொழிலில் கற்ற விதி. வீட்டைப் பூட்டினால் மெயின் ஸ்விட்சை அணைத்தே தீர வேண்டும். அணைத்தால் அந்தக் கல்யாணப் படம் என்ன ஆவது? இரண்டு மாடிக்கு நடுவே ஆளை நிறுத்திவிட்டுப் போவது போலல்லவா அது? இன்றைக்கு, நாளைக்கு என்று மகளிடம் சாக்குச் சொன்னார். ஒரு கட்டத்தில் மகள் கேட்பதையே நிறுத்திவிட்டாள். அதுதான் அவரை உறுத்தியது.

கடைசியில் அந்தப் பெட்டிக்கான உதவி எண்ணைக் கூப்பிட்டார். பேசிய பெண் பொறுமையாக விளக்கினாள். ஒவ்வொரு கோப்புக்கும் தேவைக்கு அதிகமாகவே துண்டுகள் செய்து, வேறு வேறு ஊர்ப் பெட்டிகளில் வைப்பார்களாம். சில துண்டுகள் காணாமல் போனாலும் மிச்சத்தை வைத்து முழுக் கோப்பையும் மீட்டுவிடலாமாம். ஒரு பெட்டி பதில் சொல்லாவிட்டால் உடனே பதற மாட்டார்கள், திரும்பி வருகிறதா என்று கொஞ்ச நாள் பார்ப்பார்கள். வராவிட்டால், மற்றத் துண்டுகளைக் கொண்டு தொலைந்தவற்றை மறுபடி உண்டாக்கி, வேறு பெட்டிகளிடம் கொடுத்துவிடுவார்கள்.

“அப்ப நான் இல்லேன்னா?”

“யாருக்கும் தெரியவே தெரியாது சார். தாராளமா போயிட்டு வாங்க.”

நல்ல செய்திதான். ஆனால் அவர் முகம் தொங்கிப்போனது. ஓய்வு பெற்ற அன்று சாவிக்கொத்தை இன்னொருவர் கையில் கொடுத்தபோது வலித்தது போலவே வலித்தது. மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, அறுவைச் சிகிச்சைக்கு முந்தின நாள் மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே பேத்தி அவரை உட்கார விடவில்லை. தாத்தா ஊட்டினால்தான் சாப்பிடுவேன் என்று அடம்பிடித்தாள். தூங்கும்போதுகூட அவர் விரலை விடவில்லை. இதற்கிடையே அவர் ஃபோனுக்குச் செய்தி வந்தது. அவரிடம் இருந்த துண்டுகளுக்கெல்லாம் வேறு பெட்டிகளில் இடம் கிடைத்துவிட்டதாம், விரும்பினால் அவர் புதிதாகத் தொடங்கலாமாம். கோபம் வரும் என்று காத்திருந்தார், வரவில்லை.

மகள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினாள். சுவரைப் பிடித்து நடந்துவந்து நாற்காலியில் உட்கார்ந்தவள், அப்பாவின் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்.

“எப்பப்பா கிளம்புறீங்க? உங்க பெட்டி காத்துட்டிருக்குமே.”

லிஃப்ட்காரர் பேத்தியின் சட்டைக்குப் பொத்தான் போட்டு முடித்துவிட்டு, மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அங்க என் இடத்துக்கு ஆள் வந்தாச்சும்மா. இங்க நான்தான் வரணும். நீ கூப்பிட்ட அன்னிக்கே வந்திருக்கணும்.”