பதினேழாம் குழியருகே நான் குப்புற விழுந்த இடம்

ஒவ்வொரு கோடையிலும் ஏன் பெண்களின் கோல்ஃப் போட்டி பார்க்கப் போகிறீர்கள், அந்த விளையாட்டு உங்களுக்குத் தெரியுமா என்று இந்த வலைப்பூவை வாசிக்கிற நாலைந்து பேர் கேட்டிருக்கிறார்கள். தெரியாது. பந்து மேலே போனால் அது எந்தப் பக்கம் போகிறது என்று இன்றைக்கும் என் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை. முதல் தடவை போனது தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஆகஸ்ட் வெள்ளிக்கிழமை. அந்தப் பயணத்தை எழுதினால் கேட்டவர்களுக்குப் பதில் கிடைக்கும். ஒன்றை மட்டும் முதலே சொல்லிவிடுகிறேன்: அன்று முழுக்க நான் பயந்துகொண்டே இருந்தேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது, கனடாவுக்கு வந்து ஒன்றரை வருடம். நகரின் கிழக்கு எல்லையில், மோர்னிங்சைட்டில் ஒரு பேஸ்மென்ற் அறையில் இருந்தேன். கிழமையில் மூன்று நாள், நகரின் மறு எல்லைக்கு அப்பால் மிசிசாகாவில் மிஸஸ் பெல் என்ற அம்மாவின் வீட்டைத் துப்புரவாக்கப் போவேன். அங்குள்ள மைதானத்தில் நடக்கும் பெண்கள் கோல்ஃப் போட்டிக்கு வெளிநாட்டிலிருந்து வரும் புது ஆட்டக்காரர்களை அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் போட்டி முடியும்வரை தங்கள் வீட்டில் தங்க வைப்பது வழக்கம். அந்தக் கிழமை மிஸஸ் பெல் வீட்டில் எம்மா இருந்தாள். இங்கிலாந்துக்காரி, இருபத்தொரு வயது, தொழிலாக ஆடத் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

காலையில் குசினியில் நின்றபடி ரோஸ்ற் சாப்பிடுவாள், பாதியைக் குப்பையில் போடுவாள். புதன்கிழமை நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தன் கதையைச் சொன்னாள். போட்டி வியாழன் தொடங்கி நான்கு நாள். இரண்டாம் நாள் மாலை, நன்றாக ஆடாத பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்கு வெட்டு என்று பெயர். அந்த வருடம் போன இடமெல்லாம் அவள் வெட்டில்தான் விழுந்திருந்தாள். இங்கும் விழுந்தால் ஊருக்குத் திரும்பி ஒரு சப்பாத்துக் கடையில் வேலைக்கு நிற்பதாக அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாளாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். தெரிந்த முகம் ஒன்றாவது அங்கே இருக்கட்டும் என்று வெள்ளிக்கிழமைக்கு ஒரு அனுமதி அட்டையும் தந்தாள்.

எனக்கோ என் பயமே போதுமானதாக இருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை என் அகதி விசாரணை. படிவத்தை நிரப்பித் தந்தவர் குகன் அண்ணை, எங்கள் தெருவில் பலருக்கும் எழுதிக் கொடுப்பவர். யாழ்ப்பாணத்தை விட்ட பிறகு நான் ஆறு மாதம் கொழும்பில் இருந்தேன் என்றதும் அவர் பேனாவை நிறுத்தினார். "பிள்ளை, உதை எழுதாதை. கொழும்பில இருந்தனி எண்டால் அங்கயே இருந்திருக்கலாமே எண்டு கேப்பாங்கள்." அந்த ஆறு மாதமும் படிவத்தில் இல்லை. கையெழுத்துப் போட்டது நான். அன்றிலிருந்து ராத்திரியில் நித்திரை ஒழுங்காக வந்ததில்லை.

வெள்ளி காலை 6.10க்கு மோர்னிங்சைட் பஸ் எடுத்தேன். விடியப்புறம் மழை பெய்து ஓய்ந்திருந்தது. 6.50க்குக் கென்னடி ஸ்ரேஷன், அங்கிருந்து சப்வேயில் இஸ்லிங்டன், 7.45. இதுவரைக்கும் ஒரே ரிக்கற், இரண்டு டொலர். மிசிசாகா பஸ்ஸுக்கு வேறாகக் கட்ட வேண்டும். நாற்பது நிமிடத்தில் அதுவும் முடிந்துவிடும். பிறகு மைதானத்துக்கு ஐந்து கிலோமீற்றர், நடைபாதை இல்லாத ரோட்டு. அதனால் ஒரு ரக்ஸியை மறித்தேன், எட்டு டொலர்.

ஓட்டி வந்தவர் எங்கள் யாழ்ப்பாணப் பக்கம், சுன்னாகத்துக்காரர். "கோல்ஃப் பாக்கவோ தங்கச்சி? எங்கட ஆக்கள் ஒருத்தரும் உங்க போறேல்லை," என்று சிரித்தார். செவ்வாய்க்கிழமை விசாரணை என்று நான் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. வெள்ளைக்காரர் கூடுகிற இடம், பொலிஸ் நிற்கும், பெயரைப் பதிந்தால் ஃபைலில் ஏறிவிடும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். இறங்கும்போதும் விடவில்லை. "ஹியரிங் முடியுமட்டும் ஒருத்தரோடையும் வாய் குடுக்காதேங்கோ."

மைதானத்தில் பொலிஸைக் காணவில்லை. ஆனால் நெஞ்சில் அட்டை குத்தி, கையில் வோக்கிரோக்கி வைத்திருந்த ஆட்கள் எங்கும் நின்றார்கள். எனக்கு அது போதாதா? அவர்களைக் கண்ட இடமெல்லாம் மரத்தின் மறுபக்கம் போனேன். எம்மா என்னைக் கண்டு ஒருதரம் தொப்பியைத் தொட்டாள், பிறகு யாரையும் பார்க்கவில்லை. பதினாறு குழி முடிந்தபோது பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் கணக்குப் பார்த்துச் சொன்னார்: இன்னும் இரண்டு குழி, கணக்குக்கு மேல் பந்தை ஓர் அடி கூடுதலாக அடித்தாலும் அவள் வீட்டுக்குத்தான்.

பதினேழாம் குழியில் பார்க்க வந்தவர்களை மறிக்கக் கயிறு கட்டவில்லை. நான் புல் உயர்ந்த ஓரத்தில் மேப்பிள் மரமொன்றின் கீழ் தனியாக நின்றேன். எம்மா அடித்த பந்து வலப்பக்கம் திரும்பியது. பந்து ஆட்கள் பக்கம் போனால் கத்தி எச்சரிப்பார்கள், அப்படி ஒரு கத்தல் கேட்டது. மற்றவர்கள் தலையில் கையை வைத்துக் குனிந்தார்கள். எனக்குக் கத்தலும் கேட்டது, அதற்குப் பின்னால் காற்றில் ஏதோ கூவி வருவதும் கேட்டது. ஊரில் ஷெல் வரும்போது செய்வதையே என் உடம்பு செய்தது. குப்புற விழுந்து காதைப் பொத்திக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது பந்து முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில், புல்லின் மேலே, மழைத்துளிகளுக்கு நடுவில் இருந்தது. பதறி எழும்பினேன். அப்போது என் முழங்கால் அதன் மேல் முழுப் பாரத்தோடும் ஊன்றியது. ஈர மண்ணில் பந்து முக்கால்வாசி புதைந்துவிட்டது. மரம் மறைத்ததால் ஒருவரும் பார்க்கவில்லை. நான் பின்னால் போய், முழங்காலில் இருந்த சேற்றைக் கைப்பையால் மறைத்துக்கொண்டேன்.

எம்மா வந்தாள், பந்தைப் பார்த்தாள், முகம் வெளுத்துவிட்டது. நடுவர் வந்தார். உயரமான மனிதர், நரைத்த மீசை. விழுந்த வேகத்தில் புதைந்திருக்கிறது, இருக்கிறபடியே ஆடு என்று சொல்லிவிட்டார். அதை ஒரே அடியில் வெளியே எடுக்க முடியாது என்று எனக்கே விளங்கியது. எம்மா பையிலிருந்து ஒரு மட்டையை இழுத்தாள், திரும்ப வைத்தாள், இன்னொன்றை இழுத்தாள்.

பெயர் கேட்பார்கள். விலாசம் கேட்பார்கள். செவ்வாய்க்கிழமை மேசையில் அது இருக்கும். இவ்வளவும் நினைத்தேன், நினைத்தபடியே கைப்பையை முழங்காலிலிருந்து எடுத்தேன்.

"நான்தான்," என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். "பந்து மேலே இருந்தது. என் முழங்கால்."

நடுவர் என் பக்கம் திரும்பினார். என் காலையும் சேற்றையும் பார்த்தார். பெயரைக் கேட்பார் என்று காத்திருந்தேன்.

"முதலில் எப்படி இருந்தது? காட்டுங்கள்," என்றார்.

முழந்தாளிட்டுக் காட்டினேன். இவ்வளவு உயரப் புல், அதன் மேலே, இப்படி. கூட ஆடிய பெண்ணை நடுவர் பார்த்தார், அவள் சம்மதமாகத் தலையாட்டினாள். ஒரு மட்டை நீளத்துக்குள் அதே மாதிரிப் புல்லில் பந்தை வைக்கச் சொன்னார். எம்மாவுக்கும் தண்டனை இல்லை, எனக்கும் இல்லை. நன்றி சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். நான் மரத்தடியில் குந்தியிருந்து அழுதேன்.

எம்மா வெட்டுக் கோட்டில் சரியாக நின்றாள், ஓர் அடிகூட மிச்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை முடிவில் பதினோராம் இடம். அடுத்த வசந்தத்தில் முதல் வெற்றி. மூன்றாம் வருடம் அவள் கோப்பையோடு நிற்கும் படத்தை மிஸஸ் பெல் பேப்பரிலிருந்து வெட்டி எனக்குத் தந்தார். சப்பாத்துக் கடைக்கு வேறு ஆள் பார்த்திருப்பார்கள்.

போக நினைக்கிறவர்களுக்கு: நான் சொன்ன கட்டணங்கள் எல்லாம் பழையவை, புதிதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தட்டையான சப்பாத்துப் போடுங்கள், பதினெட்டுக் குழியும் சுற்றினால் ஏழெட்டுக் கிலோமீற்றர் நடை. மழைக்குப் பிறகு வெள்ளை உடுப்பு வேண்டாம். வெள்ளிக்கிழமை போங்கள், ஞாயிறைவிட அன்றைக்குத்தான் ஆட்டக்காரர்களுக்கு உயிர் போகும். கத்தல் கேட்டால் குனிந்தால் போதும். பந்தில் மிதித்துவிட்டால் நின்ற இடத்திலேயே நின்று கையைத் தூக்குங்கள்.

இன்றைக்கு இதை எழுதுவது சுலபம். போட்டி முடிந்த மறுநாள், திங்கட்கிழமை, குகன் அண்ணைக்கு ஃபோன் எடுத்து, கொழும்பைச் சொல்லப்போகிறேன் என்றேன். "உனக்கென்ன விசரோ? உன்ர வாயாலயே கெடப்போறாய்," என்று வைத்துவிட்டார். அவர் சொன்னது சரியாகவும் இருந்திருக்கலாம். செவ்வாய்க்கிழமை அந்த அறையில், கேள்விகள் தொடங்க முன்பே, மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னேன்: "என்ர படிவத்தில ஒண்டு விடுபட்டிருக்கு. அதை நானே முதல்ல சொல்லவேணும்."

விசாரிக்க இருந்தவர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் படிவத்தை என் பக்கம் திருப்பித் தள்ளினார்.

"எந்த இடத்தில்? காட்டுங்கள்," என்றார்.