எறும்பு சுமந்தது

மாவு ஆலை அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. இணையத்தில் தெரிந்தவர்களுக்கோ அவர் எறும்புக்காரர். வயிற்றுக்கு ஆலை, மனசுக்கு எறும்பு என்று வாழ்ந்த மனிதர்.

எறும்பு என்பது அவர் எழுதிய மென்பொருள். ஒரு பெரிய கோப்பைக் கேட்டால், அதை வைத்திருக்கும் ஆட்களின் கம்ப்யூட்டர்களிலிருந்து துண்டு துண்டாகச் சுமந்து வந்து சேர்த்துக் கொடுத்துவிடும். நடுவில் தலைமையகம் என்று ஒன்று கிடையாது. காசும் கிடையாது. எறும்பின் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்க்கலாம், மாற்றலாம், மாற்றியதை ஊருக்குக் கொடுக்கலாம்.

"ஊரான் பிள்ளைய ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்பாங்க. நீங்க ஊட்டுறது பிள்ளையே இல்லையே" என்று மனைவி கேலி செய்வாள். அவர் சிரித்துக்கொள்வார். ஒரு நூலகம் எரிந்து சாம்பலானபோது அதன் நூல்கள் எறும்பில் பிழைத்துக் கிடந்தன. "வெளியே வந்ததை இனி யாராலும் அழிக்க முடியாது" என்று அவர் ஒரு கூட்டத்தில் சொன்னார். எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அவருடைய அக்கா மகள் மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். நிச்சயம் செய்த பையன் கை ஓங்குகிறவன் என்று தெரிந்ததும் அவளே கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டாள். அவளுக்குத் தெரியாமல் எடுத்து வைத்திருந்த வீடியோவை அவன் எறும்பில் விட்டான். அவள் பெயரோடு, கடையின் பெயரோடு.

ஒரு மத்தியானம் தாயும் மகளும் வந்தார்கள். அக்கா போனை நீட்டினாள். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சட்டென்று கவிழ்த்து வைத்தார்.

"இதை எடுத்துடு தம்பி."

"என்னால முடியாதுக்கா."

"நீ எழுதினதுதானே?"

"எழுதினது நான்தான். ஆனா அது என்கிட்ட இல்ல. எறும்புல இறக்கினவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் இருக்கு."

"கதவு செஞ்சவனுக்குச் சாத்தத் தெரியாதா?"

அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். "எத்தனை பேர் மாமா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவருக்கு வரவில்லை. "ஆயிரத்தைத் தாண்டிடுச்சும்மா" என்றார்.

போலீசுக்குப் போனார்கள். "சர்வர் எங்க இருக்கு?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். அப்படி ஒன்று இல்லை என்றார் அவர். "சரி, ஓனர் யாரு?" அதுவும் இல்லை என்றார். "அப்ப நான் யாரைப் போய்ப் பிடிக்கிறது, எறும்பையா?" என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் அந்தப் பெண் இருப்பதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். பையனைப் பிடித்தார்கள். அடுத்த மாதமே ஜாமீனில் வந்துவிட்டான்.

அந்த வீடியோவை மட்டும் தொட மறுக்கும்படி எறும்பை மாற்றி வெளியிட்டார் அவர். அவரோடு ஆண்டுக்கணக்கில் சேர்ந்து எழுதியவர்களே எதிர்த்தார்கள். "இன்னைக்கு உங்க வீட்டுப் பொண்ணு. நாளைக்கு ஒரு மந்திரி வந்து நிப்பாரு, அதையும் தடுப்பீங்களா?" இதே வாதத்தை முன்பு பலமுறை பேசியவர் அவர்தான். ஒரு வாரத்துக்குள் யாரோ அந்தத் தடையை நீக்கி வேறொரு எறும்பை வெளியிட்டார்கள். ஜனம் அதற்கு மாறிக்கொண்டது.

அவர் விலகினார். புதிய எறும்பிலும் அவர் பெயரே முதலில் இருந்தது. எடுத்துவிடுங்கள் என்று எழுதிக் கேட்டார். மரியாதையான பதில்தான் வந்தது: 'எழுதியவர் பெயரை நீக்கக் கூடாது என்பது நீங்கள் வைத்த விதி ஐயா.'

அக்கா அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள். கடைக்கு மாத்திரை வாங்காமல் முகம் பார்க்க மட்டும் ஆட்கள் வரத் தொடங்கியதால், அந்தப் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். தொலைவில் வேறொரு ஊரில், ஒரு மருத்துவமனையின் மருந்துக் கிடங்கில் அவளுக்கு வேலை கிடைத்தது. வெளியாட்கள் வராத இடம்.

அவர் மட்டும் விடாமல் தேடிக்கொண்டிருந்தார். வீடியோவை வைத்திருப்பவர் யாரென்று தெரிந்தால் எழுதிக் கெஞ்சுவார். சிலர் அழித்தார்கள். சிலர் வீடியோவிலிருந்தே ஒரு படத்தை எடுத்து, பதில் என்று அவருக்கு அனுப்பினார்கள்.

ஒருமுறை அவளைப் பார்க்கப் போனார். கிடங்கில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே நின்றபடி பேசினார்கள்.

"குறைஞ்சிருக்கும்மா. நான் தினமும் பார்த்துட்டுதான்..."

"மாமா, இனிமே தேடாதீங்க."

"ஏம்மா?"

"என் பேரைப் போட்டுத் தேடுறவங்கள்ல நீங்களும் ஒருத்தர்."

உள்ளேயிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, கிளம்புங்க" என்று சொல்லிவிட்டு அவள் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.